துண்டு: மலையகத்தில் நோயறியக் காத்திருத்தலின் வரலாறு

நோயின் துன்பத்தைப் பற்றி நம் இலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது. மரணத்தைப் பற்றியும் பேசியிருக்கிறது. ஆனால், தனக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று அறியாமல், சொல்லவேண்டியவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் நாட்களைக் கழிக்கும் அந்த இடைக்காலத்தைப் பற்றி நாம் அதிகம் சிந்தித்ததில்லை. சிந்திக்கும் அவசியத்தை எமக்கு உண்டாக்கியவர், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர். எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை.

அவருக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. மூலம் என்று எண்ணிச் சில மாதங்கள் கைவைத்தியம் பார்த்தார். பின்னர், 'கமரா போட்டுப் பார்ப்பது' என்று நம் மக்கள் சொல்லும் பெருங்குடல் பரிசோதனையை, அதாவது கொலனோஸ்கோப்பியை, ஒரு வைத்தியசாலையில் அவருக்குச் செய்தார்கள். சிறு துண்டொன்றை எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருப்பதாகவும் மூன்று வாரம் கழித்து வரும்படியும் சொன்னார்கள். சொன்ன மொழி அவருக்குப் பாதி விளங்கிற்று, பாதி விளங்கவில்லை.

"துண்டு வெட்டி எடுத்திருக்காங்க மாஸ்டர். ஒண்ணும் இல்லேன்னா சும்மா வெட்டுவாங்களா?" என்று அவர் எம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை எமக்கும் அன்று தெரியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எல்லோரும் சொல்வதையே நாமும் சொல்லி அனுப்பினோம்.

மூன்று வாரம் ஐந்து வாரமாயிற்று. முதல் வாரத்தில் அவர் இராச்சோற்றை நிறுத்தினார். இரண்டாம் வாரத்தில், உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகனைக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பினார். தாம் போனபின் குடும்பத்துக்கு ஒரு வழி வேண்டுமே என்பது அவர் கணக்கு. ஐந்தாம் வாரம் வந்த அறிக்கையில் புற்றுநோய் இல்லை. குடலின் உட்சுவரில் முளைத்திருந்த சிறு தசைமொட்டு ஒன்றே இரத்தத்துக்குக் காரணம். அதுவும் பரிசோதனையின்போதே அகற்றப்பட்டுவிட்டது. தந்தை இன்று நலமாக மலைக்குப் போகிறார். மகன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

இந்த இழப்பை உண்டாக்கியது நோயன்று. அறியாமல் இருந்த ஐந்து வாரங்கள். அறியாமலிருந்தது அவருடைய குற்றமுமன்று. மலையகத் தொழிலாளியின் உடலைப் பற்றிய செய்தி எப்போதும் வேறு யாருடைய கையிலோ இருந்துவந்திருக்கிறது. அது எவ்வாறு அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறிய, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அறியவேண்டியவர் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையின் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தே வந்தனர். காலராவும் வயிற்றோட்டமும் அம்மைநோயும் அவர்களோடு நடந்துவந்தன. வழியில் வீழ்ந்தவர்களுக்குக் கல்லறையில்லை, கணக்குமில்லை.

1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869-ஆம் ஆண்டில் கோப்பியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. சில ஆண்டுகளில் அது கோப்பியை அழித்தது. செடியின் நோயை ஆராய விஞ்ஞானிகள் விரைந்து வந்தார்கள். மனிதனின் நோயைக் கவனிக்கத் தோட்ட மாவட்டங்களுக்கென முதன்முதலில் எழுந்த சட்டம், 1872-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம். 1880-களில் அது திருத்தப்பட்டது. 1912-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமாக மீண்டும் விரிவாக இயற்றப்பட்டது.

இந்தச் சட்டங்களால் நன்மை விளையவில்லை என்று நாம் சொல்லவில்லை. தோட்ட மாவட்டங்களில் வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் எழுந்தன. பிள்ளை பெற்ற தாயை ஒரு மாத காலம் வேலைக்கு அழைக்கலாகாது என்பது போன்ற நல்ல விதிகளும் இருந்தன. எனினும் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் துரைக்கு விதித்த கடமைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்பதைத் துரை அறிந்துகொள்ள வேண்டும். தாம் தக்கதென்று கருதும் நடவடிக்கையைத் துரை எடுக்க வேண்டும். கடும் நோயானால் மாவட்ட வைத்தியருக்குத் துரை ஆளனுப்ப வேண்டும். அறிபவர் துரை, முடிவு செய்பவர் துரை, அறிவிப்பவரும் துரை. நோயாளிக்கு அவனுடைய நோயைச் சொல்லவேண்டும் என்னும் எண்ணம் இந்த ஏற்பாட்டில் எங்கும் தலைகாட்டவில்லை. நோயாளி அங்கே ஒரு மனிதனாக அன்றி, பழுதுபட்ட உழைப்புச் சக்தியாகவே கணிக்கப்பட்டான்.

இதே காலத்தில் தொழிலாளியின் வாழ்வை ஆண்ட இன்னொரு காகிதத்தையும் நினைவுகூர வேண்டும். அதன் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்புபவன், கடன் தீர்ந்தது என்பதற்குத் துரையிடம் துண்டு வாங்கவேண்டும். துண்டில்லாதவனை அடுத்த தோட்டம் ஏற்காது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதே தண்டனைக்குரிய குற்றம். 1921-ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் தன்னைப் பற்றி எழுதப்பட்ட காகிதம் தனக்குப் புரியாத மொழியில், தன்னைவிட மேலான ஒருவர் கையில் இருக்கும். அது கிடைக்கும்வரை காத்திருப்பதே தன் வேலை என்ற பழக்கத்தை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. அது தலைமுறை தலைமுறையாக லயத்தில் ஊறிக்கிடந்தது.

தகரப் பெட்டியும் நுண்நோக்கியும்

மலையக மக்களின் குடலை விஞ்ஞானம் முதன்முதலாகப் பெருமளவில் நோக்கியது கொக்கிப்புழுவைத் தேடியே. இப்புழு மனிதனின் சிறுகுடலைக் கவ்வி இரத்தத்தைக் குடிக்கிறது. அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமண்ணில் வெளிப்படும் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து அடுத்தவன் உடலில் புகுகிறது. மலசலகூடமில்லாத லயமும், மழையீரம் வற்றாத மண்ணும், செருப்பில்லாத காலும் சேர்ந்த இடம் அதற்கு உகந்த உறைவிடம்.

இது உழைப்பாளியின் நோய் என்பதை உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. 1838-ஆம் ஆண்டில் மிலான் நகரில் டுபினி என்பவர் இப்புழுவைக் கண்டார். 1878-ஆம் ஆண்டில் இத்தாலியரான கிராஸி, மலத்தை நுண்நோக்கியில் பார்த்தே முட்டைகளைக் கொண்டு நோயை அறியலாம் என்று காட்டினார். 1880-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கொத்தார்ட் சுரங்கம் அமைத்த தொழிலாளர்கள் வெளிறி வீழ்ந்தபோது காரணம் கொக்கிப்புழுவே என்பது தெரிந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் 1902-ஆம் ஆண்டில் ஸ்டைல்ஸ் இந்நோயைப் பற்றி எடுத்துரைத்தபோது, பத்திரிகைகள் 'சோம்பல் கிருமி' என்று அதற்குப் பெயர் சூட்டின. வறியவன் சோம்பேறி என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்றால், அவன் நோயாளி என்று நிரூபித்தபின்னும் சோம்பல் என்ற சொல்லை அவர்களால் விட முடியவில்லை!

இலங்கையிலும் இரத்தசோகையால் மக்கள் மடிந்தனர். 1887-ஆம் ஆண்டில் தலைமை வைத்திய அதிகாரி கின்சி வெளியிட்ட அறிக்கை அதனைப் பெரிபெரி என்ற பெயராலேயே குறித்தது. 1915-ஆம் ஆண்டில் ரொக்கபெல்லர் ஸ்தாபனத்தின் சார்பில் டாக்டர் விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்தார். 1916-ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இயக்கம் தொடங்கிற்று. டாக்டர் ஸ்நொட்கிராஸ் அதனை நடத்தினார். தோட்டங்களில் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புழு இருந்தது.

ஆளுக்கொரு சிறு தகரப் பெட்டி கொடுக்கப்பட்டது. மலத்தின் சிறு பகுதியை அதில் வைத்துக் கொண்டுவரவேண்டும். அது நுண்நோக்கியின் கீழ் நோக்கப்படும். புழு உண்டு என்று தெரிந்தால் பட்டினி கிடக்கவேண்டும். கெனோபோடியம் எண்ணெயை விழுங்கவேண்டும். பேதியுப்பைக் குடித்துக் குடலைக் கழுவவேண்டும். சில நாட்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை. அந்த எண்ணெய் எளிய மருந்தன்று. தலைசுற்றலும் காது இரைச்சலும் உண்டாக்கக்கூடியது. பலர் சிகிச்சைக்கு அஞ்சினர், தட்டிக்கழித்தனர். அறியாமை என்று அதற்குப் பெயரிடப்பட்டது. ஆனால் பேதியான உடலோடு அவர்கள் எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. மலசலகூடம்தான் இல்லையே!

இந்த இடத்தில்தான் சுரண்டலின் தருக்கம் வெளிப்பட்டது. மருந்து கொடுப்பதைத் தோட்ட முதலாளிகள் வரவேற்றார்கள். புழு நீங்கிய உடல் கூடுதலாக உழைக்குமல்லவா? மலசலகூடம் கட்டுவதற்கோ செலவுக் கணக்கைக் காட்டித் தயங்கினார்கள். புழு நீங்கியவன் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தான். மீண்டும் புழுவைப் பெற்றான். 1922-ஆம் ஆண்டோடு தோட்ட இயக்கம் ஓய்ந்தது. ரொக்கபெல்லர் ஸ்தாபனத்தின் நாட்டம் கிராமச் சுகாதாரத்தின் பக்கம் திரும்பி, 1926-ஆம் ஆண்டில் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு உருவாயிற்று. அது நாடு முழுவதற்கும் முன்மாதிரியாக விளங்கியது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்த இயக்கத்தின் அறிக்கைகளில் எண்கள் உண்டு, வீதங்கள் உண்டு, தோட்டவாரிக் கணக்குகள் உண்டு. பெட்டியைக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய பெண்ணொருத்தி அன்றிரவு என்ன எண்ணினாள் என்பது மட்டும் அவற்றில் இல்லை. வரலாறு எழுதுவோர் இந்த மௌனத்தையும் ஒரு சான்றாகக் கொள்ள வேண்டும்.

இலவச வைத்தியத்தின் எல்லை

1948-ஆம் ஆண்டில் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1951-ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. உலகம் வியக்கும் சாதனைதான். ஆனால் தோட்டம் தனியார் எல்லையாகவே நின்றது. நோயாளி முதலில் காண்பது அரசாங்க வைத்தியரையன்று. தோட்ட நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்த மருந்துக்காரரை. 1985-ஆம் ஆண்டில் ரொக்கபெல்லர் ஸ்தாபனம் இத்தாலியின் பெலாஜியோவில் கூட்டிய மாநாடு, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட நாடுகளாகச் சீனம், கொஸ்டாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் போற்றிற்று. அந்தப் புகழின் நிழலில் மலையகம் பின்தங்கிக் கிடந்தது.

1970-களில் தோட்டங்கள் தேசவுடைமையாயின. 1992-ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் ஏற்றது. பல தோட்டங்களில் பழைய மருந்துச்சாலையே இன்றும் நிற்கிறது. 2003-ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முடிவு கண்டது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. இவை எல்லாம் முன்னேற்றமே.

ஆயினும் இரண்டு தடைகள் இன்னும் நீங்கவில்லை. ஒன்று, 'பேர்'. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். வேலைக்கு வராதவனுக்குப் பேரில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாயாக வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி 2021-ஆம் ஆண்டில்தான் அதனை அடைந்த மக்களுக்கு, கண்டிக்கு ஒருமுறை போய்வருவது என்பது ஒரு பேரையும் பஸ் கட்டணத்தையும் ஒருங்கே இழப்பதாகும். மயக்கமருந்து கொடுக்கும் பரிசோதனைக்குத் துணைக்கு ஒருவர் போகவேண்டும்; அப்போது இழப்பு இரண்டு பேர். 'இன்னும் வரவில்லை, அடுத்த கிழமை வாருங்கள்' என்று மேசைக்குப் பின்னாலிருந்து சொல்லப்படும் ஒரு வாக்கியத்தின் விலை இதுவே.

மற்றொன்று, மொழி. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஏட்டில் ஏறிய அந்த உரிமை கிளினிக்கின் வரிசைவரை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. வைத்தியர் ஒரு மொழி பேசுகிறார். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி தமிழில் அஞ்சுகிறான்.

ஒளி வளைந்து சென்ற வழி

இனி, அந்தத் தொழிலாளியின் கேள்விக்கு நாம் காலங்கடந்தேனும் தேடிக்கொண்ட விடையைச் சொல்லவேண்டும்.

ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹொப்கின்ஸும், மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றை வழியாக வளைந்த பாதையிலும் உருவத்தைக் கடத்தலாம் என்பதை 1954-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளியிட்டார்கள். 1957-ஆம் ஆண்டில் ஹெர்ஷோவிட்ஸ் அத்தகைய கருவியால் இரைப்பையைக் கண்டார். 1969-ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் வுல்ஃபும் ஷின்யாவும் பெருங்குடல் முழுவதையும் உள்ளிருந்து நோக்கவும், தசைமொட்டுகளை வயிற்றைக் கிழிக்காமலே கம்பிச் சுருக்கால் அறுத்தெடுக்கவும் வழிகண்டார்கள். மனித உழைப்பும் அறிவும் கூடிப் படைத்த பேறு இது.

துண்டு எடுப்பது புற்றுநோய் உறுதியானவர்களுக்கு மட்டுமன்று. அழற்சியா, புண்ணா, தசைமொட்டா என்று பிரித்தறியவும் எடுப்பார்கள். கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் இடத்திலும் சிலபோது எடுப்பார்கள். தசைமொட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. சில, பல ஆண்டுகளில் அவ்வாறு மாறக்கூடும்; அதனாலேயே முன்கூட்டி அகற்றுகிறார்கள். வெட்டியது அச்சத்தின் அடையாளமன்று. பலருக்கு அதுவே பாதுகாப்பு.

நாட்கள் கடப்பதற்கும் காரணம் உண்டு. எடுத்த துண்டை ஃபோர்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, மிக மெல்லிய இழையாகச் சீவி, சாயமேற்றி, நோயியல் வல்லுநர் நுண்நோக்கியில் பார்க்கவேண்டும். வல்லுநர் குறைவு, வரும் துண்டுகளோ அதிகம். ஆகவே அறிக்கை தாமதிப்பதனால் நோய் கொடியது என்று பொருளில்லை. அதுபோலவே, சொன்ன நாள் கடந்தும் செய்தி வராவிட்டால் ஒன்றுமில்லை என்றும் பொருளில்லை, போய்க் கேட்கவேண்டும். பரிசோதனைக்குப் பின் சிறிது காற்று நிறைவதும், துண்டெடுத்த இடத்தில் துளி இரத்தம் கசிவதும் இயல்பு. கடும் வயிற்றுவலியோ, காய்ச்சலோ, நிற்காத இரத்தமோ கண்டால் காத்திருக்கலாகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வைத்தியர் வேறு சொல்லாதவரை வழக்கமான உணவை உண்ணலாம். இராச்சோற்றை நிறுத்துவதால் அறிக்கை மாறுவதில்லை, உடல்தான் இளைக்கிறது.

இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் அவருக்குத் தமிழில் கிடைத்திருந்தால், ஐந்து வாரங்களும் வேறு விதமாகக் கழிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இப்பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தமாக்கப் பேதிமருந்தைக் குடிக்கவேண்டும். இரவெல்லாம் பலமுறை வெளியே போகவேண்டியிருக்கும். லயங்கள் பலவற்றில் மலசலகூடம் இன்றும் வெளியே, சில குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கிறது. நுவரெலியாவின் குளிரில், மழையில், வழுக்கும் படியில், பலவீனமான ஒருவர் கைவிளக்கோடு இறங்கிச் செல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். 1916-ஆம் ஆண்டின் பேதியுப்பு நம் கண்முன் நிற்கிறது. கருவி மாறிற்று, மருந்து மாறிற்று, லயத்தின் படி மாறவில்லை!

நம் கடமை

காத்திருப்பு முற்றாக நீங்காது. எந்தச் சமுதாய அமைப்பிலும் மெழுகு உறைய நேரம் வேண்டும். ஆனால் இருட்டில் காத்திருப்பது வேறு. வெளிச்சத்தில் காத்திருப்பது வேறு. எதற்காக எடுத்தார்கள், எப்போது தெரியும், யாரிடம் கேட்பது, இடையில் என்ன செய்வது என்ற நான்கையும் நோயாளியின் மொழியில் எழுதிக் கையில் கொடுப்பது பெருஞ்செலவுள்ள காரியமன்று. அறிக்கை வந்ததைத் தொலைபேசியில் அறிவித்தால் வீணாகும் பேர்களும் பஸ் கட்டணமும் மிஞ்சும். வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்கும், துணைக்குப் போகிறவரின் நாளுக்கும் பேர் உண்டு என்பதைத் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே கேட்கவேண்டும். குடும்பத்துக்கொரு மலசலகூடம் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய பாக்கி. அதனை வசூலித்தே தீரவேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. லயத்தில் ஆங்கில அறிக்கையைப் படிக்கக்கூடியவன் பெரும்பாலும் பள்ளி மாணவனே. வைத்தியரின் முடிவை நாம் சொல்லலாகாது. ஆனால் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். வரிசையில் துணை நிற்கலாம். சிங்களத்தில் கேட்டுத் தமிழில் சொல்லலாம். எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற வெறும் வார்த்தையைவிட இது மேலான ஆறுதல்.

அன்று அந்தத் தொழிலாளி எம் முன் நின்று கேட்டபோது நாம் இதனைச் செய்யவில்லை. அவருடைய மகனின் இடம் இப்போது எம் வகுப்பில் வெறுமையாக இருக்கிறது. அடுத்து ஒருவர் வந்து, "சும்மா வெட்டுவாங்களா மாஸ்டர்?" என்று கேட்கும்போது, அவரை உட்காரவைத்து விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கவேண்டும்.